நாலு பேர் பலம், எட்டுப் பேர் பலம்

1969. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்று ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு நகரங்கள். வார இறுதியானால் அங்கே ஒரு கூட்டம் கூடிவிடும். கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பையன்கள் என்று கலவையான கூட்டம். மேசை நிறைய குட்டி பொம்மை வீரர்களைப் பரப்பி, நெப்போலியன் காலத்துப் போர்களை மறுபடி நடத்திப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. பகடை உருளும். அளவுகோல் வைத்துப் படைகள் நகரும். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று அட்டவணை சொல்லும். ஆட்டம் முடிந்தால் பொம்மைகள் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த வாரம் புதுப் படை, புதுப் போர். போன வாரம் உயிர் தப்பிய வீரன் யார் என்று யாருக்கும் நினைவிருக்காது. நினைவில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் டேவிட் வெஸ்லி. மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அவர் கையில் ஒரு பழைய புத்தகம் அகப்பட்டது. சார்லஸ் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி 1880-இல் எழுதிய 'ஸ்ட்ராடகாஸ்'. போர்ப் பயிற்சிக்கான விளையாட்டு விதிகள் அடங்கிய அந்தப் புத்தகத்தில் நடுவர் என்று ஒருவர் உண்டு. விதியில் எழுதப்படாத எதையும் ஆட்டக்காரர் செய்ய முயலலாம். நடக்குமா நடக்காதா என்று நடுவர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்வார். வெஸ்லிக்கு அது பிடித்துப்போயிற்று. பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஜெர்மன் ஊரை உருவாக்கினார். ஊரை நோக்கிப் படைகள் வருகின்றன. படைத்தலைவர்களாக ஆடுகிறவர்கள் போக, மற்ற நண்பர்களையும் சும்மா உட்காரவைக்க மனமில்லை. ஒருவரை மேயராக்கினார், ஒருவரை வங்கிக்காரராக்கினார், இன்னொருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். ஆளுக்கொரு தனி நோக்கம் கொடுத்தார். திட்டம் கச்சிதமாகத்தான் இருந்தது, ஆட்டம் தொடங்கும் வரை.

தொடங்கிய சற்று நேரத்தில் எல்லாம் கைமீறிப் போனது. ஒவ்வொருவராக வந்து நடுவரிடம் தாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவர்களோ மூலைக்கு மூலை கூடி நின்று பேரம் பேசினார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றினார்கள், சதி செய்தார்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் சண்டைக்கு அழைத்துக்கொண்டார்கள். தனி இருவர் மோதுவதற்கு வெஸ்லியிடம் விதியே கிடையாது. அவசரமாக ஏதோ ஒன்றை இட்டுக்கட்டிப் பகடையை உருட்டினார். இரவு முடிந்தபோது படைகள் மோதவே இல்லை. தன் சோதனை படுதோல்வி என்று முடிவுகட்டிய வெஸ்லி, நண்பர்களிடமிருந்து கேட்ட முதல் கேள்வியில் திகைத்துப்போனார். அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அடுத்தடுத்து நடந்தன. அவற்றில் ஒன்று, லத்தீன் அமெரிக்காவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு சிறு நாட்டின் அரசியல் குழப்பம். டேவ் ஆர்னெசன் என்ற இளைஞருக்குப் புரட்சி மாணவன் வேடம். வரும்போதே போலி அடையாள அட்டை ஒன்றைத் தயார்செய்து எடுத்து வந்திருந்தார். தான் அமெரிக்க உளவுத்துறை ஆள் என்று மற்றவர்களை நம்பவைத்து ஆட்டத்தையே தன் பக்கம் திருப்பிவிட்டார். அந்த இரவில் அவர் ஆட்டம் ஆடியதைவிட அந்த ஆளாகவே வாழ்ந்தார் என்று சொல்லலாம். இந்த நேரத்தில் வெஸ்லிக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. 1970-இல் அவர் கிளம்பிப் போனார். நடுவர் நாற்காலி காலியானது.

1971-இன் வசந்த காலம். செயின்ட் பாலில் ஆர்னெசனின் பெற்றோர் வீட்டு நிலவறையில் ஒரு பிங்பாங் மேசை. வழக்கமான நெப்போலியன் போரை எதிர்பார்த்து இறங்கி வந்த நண்பர்கள், மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டை நிற்பதைக் கண்டார்கள். ஒரு வார இறுதி முழுக்கத் தொலைக்காட்சியில் பேய், பூதப் படங்களைப் பார்த்து, கோனான் கதைகளைப் படித்துக் கிடந்ததில் பிறந்த யோசனை என்று ஆர்னெசன் பின்னாளில் சொன்னார். ஊரின் பெயர் பிளாக்மூர். கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகள். உள்ளே பூதங்கள், புதையல். ஆளுக்கு ஒரே ஒரு பொம்மை; படை கிடையாது. நண்பர்கள் உற்சாகமாகச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் செத்தார்கள்.

காரணம், ஆர்னெசன் எடுத்துக்கொண்ட சண்டை விதிகள். அதே 1971-இல் வெளியான 'செயின்மெயில்' என்ற புத்தகம் அது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதியது. இடைக்காலப் படைகள் மோதும் விளையாட்டுக்கானது. பின்னிணைப்பாக டிராகன், மந்திரவாதி எல்லாம் உண்டு. ஆயிரம் பேர் மோதும் போரில் ஒரு பகடை உருண்டால் ஒருவன் சாவான். அவனுக்காக அழ யாரும் இல்லை. சுரங்கத்தில் நிற்பவனோ ஒரே ஒருவன். அவனுக்குப் பெயர் வைத்து, குணம் கற்பித்து, அவனாகவே பேசிக்கொண்டிருக்கும் நண்பன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். பூதத்தை ஒரே அடியில் கொல்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. பூதம் தங்களை ஒரே அடியில் கொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. ஆர்னெசன் இதற்குத் தீர்வு தேடிப்போன இடம் வேடிக்கையானது: கடல்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்காக அவர் முன்பே விதிகள் எழுதி வைத்திருந்தார். குண்டு பட்டதும் கப்பல் மூழ்கிவிடாது. இத்தனை அடி தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் அது குறையும். சுழியைத் தொட்டால்தான் மூழ்கும். கவசத்தின் கனத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்தக் கணக்கைக் கப்பலிலிருந்து கழற்றி மனிதன்மேல் மாட்டினார் ஆர்னெசன். இப்போது ஆள் அடி வாங்கலாம், தள்ளாடலாம், தப்பி ஓடலாம். அன்றைய இரவு உயிரோடு வெளியே வரலாம். அப்படி வெளியே வந்தவர்கள் அடுத்த வாரம் அதே ஆளோடு, அதே பெயரோடு வந்து உட்கார்ந்தார்கள். அங்கேதான் ஒரு புதிய சிக்கல் முளைத்தது.

பத்து முறை சுரங்கத்துக்குள் போய் மீண்டவனும், இன்று முதல்முறை வாள் பிடிப்பவனும் ஒன்றா? பிழைத்தவர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். செயின்மெயில் பின்னிணைப்பில் சாதாரண வீரனுக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் 'ஹீரோ': நான்கு வீரர்களின் பலம், அவனைச் சாய்க்க நான்கு அடி ஒரே நேரத்தில் விழ வேண்டும். இன்னொருவன் 'சூப்பர்ஹீரோ': எட்டு வீரர்களின் பலம். பொம்மைப் போருக்கான வசதி மட்டுமே அது. ஹீரோ ஹீரோவாகவே பிறப்பான், ஹீரோவாகவே சாவான். ஒரு சாதாரண வீரன் ஹீரோவாக மாற அந்தப் புத்தகத்தில் வழியே கிடையாது. ஆர்னெசன் வழி திறந்தார். பிழைத்து மீண்டவன் ஹீரோ ஆகலாம், மேலும் பிழைத்தால் சூப்பர்ஹீரோவும் ஆகலாம். ஆனால் ஒன்றிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து எட்டுக்கும் ஒரே தாவில் எப்படித் தாவுவது? இடைவெளியில் படிகள் வேண்டியிருந்தன.

1972-இன் கடைசியில் ஆர்னெசன் தன் நண்பர் டேவிட் மெகாரியோடு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூருக்குப் பயணமானார். செயின்மெயில் எழுதிய கைகாக்ஸின் ஊர் அது. கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் ஆபத்துகளை எடைபோட்டுத் தொகை நிர்ணயிக்கும் வேலையில் இருந்தவர். 1970-இல் அந்த வேலை போனது. அதன்பிறகு வீட்டு நிலவறையில் செருப்பு, பூட்ஸ் தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மிச்ச நேரமெல்லாம் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால். ஆர்னெசன் அவரைப் பிளாக்மூர் சுரங்கத்துக்குள் ஓர் இரவு அழைத்துப்போனார். வெளியே வந்த கைகாக்ஸ் கேட்டது ஒன்றுதான்: விதிகளை எழுதி அனுப்ப முடியுமா?

வந்து சேர்ந்தவை கையால் எழுதிய குறிப்புகள். பாதி ஆர்னெசனின் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் பேசியே ஆட்டத்தை நடத்தும் கலைஞர். கைகாக்ஸ் அட்டவணைகளின் மனிதர். இந்த இரண்டு குணமும் சேர்ந்திராவிட்டால் எதுவுமே பிறந்திருக்காது என்பது என் எண்ணம். கைகாக்ஸ் தட்டச்சு செய்தார், திருத்தினார், மறுபடி தட்டச்சு செய்தார். தன் பிள்ளைகள் எர்னி, எலிஸ் இருவரையும் உட்காரவைத்து ஆடிப் பார்த்தார். படிகளுக்கு எண் போட்டு, பெயர் சூட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை குறித்தார். சண்டைக்காரனுக்கு முதல் படியில் 'வெட்டரன்' என்று பெயர். 2,000 புள்ளி சேர்த்தால் இரண்டாம் படி, 4,000-க்கு மூன்றாம் படி. 8,000 சேர்த்து நான்காம் படியில் கால் வைப்பவனுக்கு அவர் சூட்டிய பெயரைப் பார்த்தால் பழைய கணக்கு புரிந்துவிடும்: ஹீரோ. எட்டாம் படியில் நிற்பவன், 1,20,000 புள்ளி சேர்த்தவன், சூப்பர்ஹீரோ.

நாலு பேர் பலம் நான்காம் படியானது, எட்டுப் பேர் பலம் எட்டாம் படியானது. நடுவிலும் கீழேயும் மற்ற பெயர்களை இட்டு நிரப்பினார்கள். அந்தப் படிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'லெவல்'. புள்ளிகள் 'எக்ஸ்பீரியன்ஸ்'. ஒரு பொற்காசைச் சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்தால் ஒரு புள்ளி. பூதத்தைக் கொன்றாலும் புள்ளி உண்டு. சண்டையே போடாமல் தந்திரமாகப் புதையலைத் தூக்கி வந்தவனும் அனுபவசாலிதான். இந்த ஒரு விதிக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதை அச்சிட்டு விற்க யாரும் முன்வரவில்லை.

1973 அக்டோபரில் கைகாக்ஸும் பால்யகால நண்பர் டான் கேயும் சேர்ந்து டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கேய் தன் ஆயுள் காப்பீட்டின்பேரில் 1,000 டாலர் கடன் வாங்கிப் போட்டார். அது போதவில்லை. ஆங்கிலேய உள்நாட்டுப் போர் பற்றிய ஒரு சிறு விதிப்புத்தகத்தை முதலில் விற்றுப் பணம் திரட்டப் பார்த்தார்கள்; அதுவும் பெரிதாகத் தேறவில்லை. கடைசியில் பிரையன் புளூம் என்ற இன்னொரு விளையாட்டு ஆர்வலர் 2,000 டாலரோடு வந்து சேர்ந்தார். 1974 ஜனவரியில் மரக்கட்டைபோல் அச்சிட்ட அட்டைப் பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக வெளியானது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. விலை 10 டாலர். அச்சிட்டது 1,000 பிரதி. அந்த ஆண்டுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டு ஜனவரியில், 36 வயதில், மாரடைப்பில் போய்விட்டார் டான் கேய். தன் கடன் பணம் எதை வாங்கித் தந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

பிரதிகள் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்தன. அங்கே அந்த விதிகளுக்கு ஒரு புது நடுவர் காத்திருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்றொரு கணினி அமைப்பு. பாடம் நடத்துவதற்காகக் கட்டியது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரைகள், அமைப்பு முழுதும் பின்னிப்பிணைந்த முனையங்கள். 1975-இல் ரஸ்டி ரூதர்ஃபோர்ட் அதற்குள் ஒரு சுரங்கத்தைக் கட்டினார். விளையாட்டுக்கு இடம் கொடுக்க மாட்டார்களே என்று, பாடத்துக்காக ஒதுக்கிவைத்திருந்த 'பெடிட்5' என்ற காலி இடத்தில் சத்தமில்லாமல் எழுதினார். ஆளை உருவாக்கலாம், சுரங்கத்துக்குள் இறங்கலாம், அனுபவம் சேர்க்கலாம். வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தாலும் ஆள் அப்படியே இருப்பான். நிர்வாகிகள் கண்டுபிடித்து அழித்தார்கள். மறுபடி முளைத்தது. மறுபடி அழித்தார்கள். இப்படி அழிந்துகொண்டே இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் கேரி விசென்ஹன்ட், ரே வுட் இருவரும் 'டிஎன்டி' என்று சொந்தமாக ஒன்றை எழுதினார்கள். பகடை இனி உருள வேண்டியதில்லை. கணக்கைக் கணினி பார்த்துக்கொண்டது. ஆனால் சுரங்கத்துக்குள் ஆள் தனியாகத்தான் இருந்தான்.

துணைக்கு ஆட்கள் இருக்கும் உலகம் ஒன்று அட்லாண்டிக்குக்கு அப்பால் உருவானது. இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரத்து எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், 1978 இலையுதிர் காலத்தில், ராய் டிரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கிய நிரல் 'மட்'. படம் கிடையாது, எழுத்து மட்டும். ஒரே கற்பனை உலகுக்குள் பல பேர் ஒரே நேரத்தில் நுழையலாம் என்பதுதான் அதன் சிறப்பு. கணினியின் நினைவகத்தை அது விழுங்கித் தீர்த்ததால், மற்றவர்கள் தூங்கும் நேரத்தில்தான் முழுமூச்சாக ஆட முடிந்தது. 1980-இல் படிப்பு முடியும் தறுவாயில் டிரப்ஷா அதை ரிச்சர்ட் பார்ட்டில் என்ற நண்பர் கையில் ஒப்படைத்தார். உலகம் தயாராக இருந்தது. அதற்குள் வருகிறவர்கள் என்ன செய்வது, எதற்காகத் திரும்பி வருவது என்பது மட்டும் பாக்கி.

பார்ட்டில் யார்க்‌ஷர் கடலோரத்து ஹார்ன்சீ ஊர்க்காரர். உழைக்கும் வர்க்கக் குடும்பம். பேசும் உச்சரிப்பை வைத்தே ஒருவரின் இடத்தை முடிவு செய்துவிடும் நாட்டில் வளர்ந்தவர். எந்த வீட்டில் பிறந்தோம் என்பது செல்லாத, என்ன செய்தோம் என்பது மட்டுமே செல்லும் ஓர் உலகம் வேண்டும் என்றுதான் படிகளை வைத்ததாக அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். லேக் ஜெனிவாவில் ஓர் இடைவெளியை நிரப்ப வந்த ஏணி, கோல்செஸ்டரில் ஒருவருடைய கோபத்தைச் சுமந்து நின்றது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் நெருக்கமான திருப்பம் இதுதான். மட் உலகில் புதையலைக் கண்டெடுத்துச் சதுப்புநிலத்தில் போட்டால் புள்ளி. புதியவன் வீரனாவான், பிறகு ஹீரோ, பிறகு சூப்பர்ஹீரோ. செயின்மெயிலின் அந்த இரண்டு பெயர்கள் கடல் கடந்தும் ஒட்டிக்கொண்டே வந்திருந்தன. உச்சியில் 'விஸார்ட்'. அந்த இடத்தை எட்டியவர்களுக்கு உலகத்தையே நடத்தும் அதிகாரம் கிடைத்தது. நடுவில் சண்டையில் செத்தாலோ, மாதக்கணக்கில் சேர்த்தது அத்தனையும் போயிற்று.

எசெக்ஸின் விதை காற்றில் பரவி எங்கெங்கோ முளைத்தது. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணினியியல் துறை மாணவர்கள் ஐந்து பேர் 'டிக்குமட்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். நிறுவுவது எளிது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பாணியில் சண்டையும் லெவலும் தயாராக இருந்தன. பல்கலைக்கழகம்தோறும் அதன் பிரதிகள் ஓடின. அவர்கள் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானது: இதை வைத்து லாபம் பார்க்கக் கூடாது. அந்த ஒரு வரி எட்டு ஆண்டு கழித்து ஒரு பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டப்போகிறது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

இடையில் ஏணியையே தூக்கி எறிந்து பார்த்தார்கள் சிலர். 1997 செப்டம்பரில் டெக்சாஸின் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் லெவலே கிடையாது. வாள் வீசினால் வாள் திறமை வளரும், மீன் பிடித்தால் மீன்பிடித் திறமை வளரும், ரொட்டி சுட்டால் சமையல் வளரும். வாழ்க்கையில் நடப்பது போலவே. கேட்க அத்தனை நியாயமாக இருந்த ஏற்பாடு, ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே நுழைந்ததும் விசித்திரமான காட்சிகளைக் காட்டியது. ஒளியும் திறமையை வளர்க்க, ஒளிந்து வெளிப்பட்டு மறுபடி ஒளிந்து, இரவெல்லாம் அதையே செய்துகொண்டிருந்தன சில உருவங்கள். ஆட்டக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் எழுதிவைத்த சிறு நிரல் விசையை அழுத்திக்கொண்டிருக்கும். ஏணியே இல்லாத உலகிலும் எண்ணைத்தான் துரத்தினார்கள்.

1999 மார்ச் 16-இல் 'எவர்குவெஸ்ட்' வந்தது. உருவாக்கிய பிராட் மெக்வெய்ட், ஸ்டீவ் குளோவர் இருவரும் மட் உலகங்களில் ஊறியவர்கள். ஏணி திரும்பி வந்தது, இந்த முறை முப்பரிமாணத்தில், மாதக் கட்டணத்தோடு. சண்டையும் சிகிச்சையும் லெவலும் டிக்குமட்டை அச்சடித்தது போல் இருந்ததால், கோபன்ஹேகன் மாணவர்களின் நிரலையே எடுத்துப் போட்டுவிட்டார்களோ என்ற பேச்சு கிளம்பியது. லாபம் பார்க்கக் கூடாது என்ற அந்த வரி உயிர்த்தெழுந்தது. 2000 மார்ச்சில் எவர்குவெஸ்ட் தரப்பு, டிக்குமட்டின் ஒரு வரிகூடத் தங்கள் நிரலில் இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தது. டிக்கு குழு ஏற்றுக்கொண்டது. வழக்கு தப்பியது. ஆனால் எவர்குவெஸ்டின் கணக்குக்குள்ளேயே வேறொரு விபத்து ஒளிந்திருந்தது.

அங்கே இறந்தால் சேர்த்த அனுபவத்தில் ஒரு பங்கு பறிபோகும். பரமபதத்தில் பாம்பு கொத்தியதுபோல, ஏறிய லெவலிலிருந்து கீழே இறங்கவும் நேரும். அதையாவது விதி என்று பொறுத்துக்கொண்டார்கள். 30-ஆம் லெவலை அடைந்தவர்களுக்கு விளங்காதது வேறு: எத்தனை மணி நேரம் ஆடினாலும் திரையில் அனுபவக் கோடு நகர மறுத்தது. அதைத் தாண்டினால் பழைய வேகம் திரும்பியது. 35-இல் மறுபடி அதே கதை. 40-இலும் 45-இலும் அதே. ஆட்டக்காரர்கள் அவற்றுக்கு 'நரக லெவல்' என்று பெயர் வைத்தார்கள். சூத்திரத்தைத் தோண்டியபோது விடை கிடைத்தது. ஒரு லெவலுக்கான மொத்தப் புள்ளியை லெவல் எண்ணின் மும்மடியை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். மேலே போகப் போகக் கடினமாக்க 30-இல் 10 விழுக்காடு, 35-இல் 20 என்று கூட்டினார்கள். கூட்டியதைப் புதிய லெவலுக்கு மட்டும் கூட்டாமல் மொத்தத்தின்மேல் கூட்டிவிட்டார்கள். ஆக, முதல் லெவலிலிருந்து சம்பாதித்த அத்தனைக்குமான கூடுதல் விலையை அந்த ஒரே லெவலில் கட்ட வேண்டியிருந்தது. வழக்கமான உழைப்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. யாரும் திட்டமிடாத அந்த நரகங்களைத் தாண்டியவர்கள் போர்த் தழும்பைக் காட்டுவதுபோல் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அப்படிப் பெருமையோடு தாண்டிய சிலரைக் கலிஃபோர்னியாவின் ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

பிளிஸார்ட். எவர்குவெஸ்டில் பெரிய குழுவொன்றை நடத்திய ராப் பார்டோ அங்கே வடிவமைப்பாளர். அதே குழுவின் ஜெஃப் கப்ளனும் அவரோடு சேர்ந்தார். புதிய விளையாட்டில், தொடக்க லெவல்களில் மட்டும் கதாபாத்திரங்கள் வேலை கொடுக்கும், அதன்பிறகு ஆட்டக்காரர்கள் வழக்கம்போல் பூதங்களைக் கொன்றுகொண்டே மேலேறுவார்கள் என்பது முதல் எண்ணம். சொந்த ஊழியர்களையே ஆடவிட்டுப் பார்த்தார்கள். கதை வேலைகள் தீர்ந்த இடத்தில் ஆட்டம் பழுதாகிவிட்டது என்று புகார் வந்தது. பழுது எதுவும் இல்லை. செய்யச் சொல்லி யாரும் இல்லாததையே அவர்கள் பழுதாக உணர்ந்தார்கள். வேறு வழியின்றி உலகம் முழுக்க வேலைகளை எழுதி நிரப்ப வேண்டியதாயிற்று. அடுத்த அடி பொதுமக்களின் முன்னோட்டத்தில் விழுந்தது.

நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுவதைக் குறைக்க வேண்டும் என்று பிளிஸார்ட் நினைத்தது. கொஞ்ச நேரம் முழு அனுபவம் கிடைக்கும். பிறகு ஆள் களைத்துவிடுவான், பாதிதான் கிடைக்கும். ஓய்வெடுத்தால் மறுபடி முழுசு. நல்ல எண்ணம்தான். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தாங்கள் உழைத்துச் சம்பாதித்ததில் பாதியை யாரோ பிடுங்குவதாகவே அவர்களுக்குப் பட்டது. கைவிட வேண்டிய நிலைமை. பார்டோவின் குழு அப்போது செய்த மாற்றத்தை நினைத்தால் இன்றும் வியப்பு மேலிடுகிறது. ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான புள்ளியை இரண்டு மடங்காக்கினார்கள். ஓய்வெடுத்து வந்தவனுக்கு 200 விழுக்காடு என்றார்கள். அது தீர்ந்தபின் 100. பழையபடி 100-க்கும் 50-க்கும் இடையில் இருந்த அதே விகிதம், அதே நேரம், அதே உழைப்பு. பெயர் மட்டும் மாறியது: தண்டனை போய் வெகுமதி ஆனது. எதிர்ப்பு அடங்கியது. இந்த அருமையான ஏற்பாட்டுக்கு நன்றி என்று கொண்டாடினார்கள்.

2004 நவம்பர் 23-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கடைகளுக்கு வந்தபோது திரையின் அடியில் 20 கட்டங்களாகப் பிரித்த ஒரு மெல்லிய கோடு ஓடியது. சாதாரணமாக ஊதா. விடுதியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு வந்தால், ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் லெவலில் 5 விழுக்காடு வீதம் ஓய்வு சேர்ந்து, கோடு நீலமாகும். வெட்டவெளியில் விட்டுவிட்டுப் போனால் நான்கில் ஒரு பங்கு வேகம்தான். இந்தக் கோட்டை, விளையாட்டையே தொடாதவர்களும் இன்று தினமும் பார்க்கிறார்கள். மொழி கற்பிக்கும் செயலியில் நிரம்புவது இதே 'எக்ஸ்பீரியன்ஸ்' புள்ளி, சுருக்கமாக எக்ஸ்பி. நடந்த தூரத்தை எண்ணும் செயலியில் நட்சத்திரமாகவும் பதக்கமாகவும் நிற்பது இதே படி. கைப்பேசியில் சண்டை விளையாட்டு ஆடும் பள்ளிப் பையன் உன் லெவல் என்ன என்று நண்பனைக் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் ஓர் இரும்புக் கப்பலும், வேலை போன காப்பீட்டுக்காரரின் அட்டவணையும், ஹார்ன்சீ இளைஞரின் கோபமும் சேர்ந்தே இருக்கின்றன.

உருவாக்கியவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டதும் உண்டு. விதிகளை விரிவாக்கி வெளியிட்ட புதிய பதிப்பில் தனக்குரிய பங்கைத் தரவில்லை என்று 1979-இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார்; 1981-இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. கைகாக்ஸ் 2008 மார்ச்சிலும் ஆர்னெசன் 2009 ஏப்ரலிலும் மறைந்தார்கள். ஹீரோ, சூப்பர்ஹீரோ என்ற படிப்பெயர்கள் அதற்கு முன்பே, 1989-இல் வந்த இரண்டாம் பதிப்போடு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து உதிர்ந்துவிட்டன. எண்கள் மட்டும் தங்கின. தங்கியதோடு வளரவும் செய்தன.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 60 லெவலோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கொரு முறை புதிய பகுதி வரும், அதனோடு உச்சவரம்பும் உயரும்: 70, 80, 85, 90, 100, 110. 2018-இல் 120 ஆயிற்று. புதிதாக வந்தவருக்கு மலைப்பாக இருந்தது. பழையவர்களுக்கோ ஒரு லெவல் ஏறினால் கையில் கிடைப்பது எதுவும் இல்லை என்ற சலிப்பு. 2020 அக்டோபரில் பிளிஸார்ட் ஏணியையே வெட்டியது. முந்தைய நாள் 120-ஆம் லெவலில் ஆட்டத்தை மூடியவர்கள் மறுபடி திறந்தபோது 50-ஆம் லெவலில் நின்றார்கள். பதினாறு ஆண்டு உழைப்பில் பாதிக்கு மேல் எண்ணிலிருந்து காணாமல் போயிருந்தது. ஆனால் அவர்கள் வெட்டிச் சாய்த்த பூதங்களும் அதே அளவுக்குச் சுருங்கியிருந்தன. பழைய எதிரி பழைய அடிக்கே விழுந்தான். அடுத்த மாதம் புதிய பகுதி திறந்தது. ஏறுவதற்குப் பத்துப் படிகள் வைத்திருந்தார்கள், 60 வரை.